அஸ்வகந்தா: நம்ம ஊர் அமுக்கராவை டென்மார்க் ஏன் தடை செய்தது?

ஸ்ட்ரெஸ்ஸா? தூக்கம் வரலையா? 'அஸ்வகந்தா எடுங்க' என்கின்றன ரீல்ஸ். ஆனால், டென்மார்க் 2023-ல் இதற்குத் தடை விதித்தது. என்ன விஷயம்?

அஸ்வகந்தா என்றால்?
நம்ம ஊர் அமுக்கராதான். வேரில் குதிரை வாடை அடிப்பதால் இந்தப் பெயர். உடல் மெலிவு, பலவீனம், தூக்கமின்மைக்கு வேரைப் பொடித்து, பாலில் கலந்து கொடுப்பது ஆயுர்வேத, சித்த மருத்துவ வழக்கம்.

எதிர்ப்பு ஏன்?
தைராய்டு, பாலியல் ஹார்மோன்களைப் பாதிக்கலாம், கருச்சிதைவு ஏற்படலாம் என்று டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-ல் அறிக்கை தந்தது. நம் ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. அதே அமைச்சகம், 2021-லேயே இலையைத் தவிர்த்து வேரை மட்டும் பயன்படுத்துமாறு நிறுவனங்களிடம் சொல்லியிருந்தது.

வித்தியாசம் எங்கே?
வைத்தியர் ஆளைப் பார்த்து, அளவும் நாளும் சொல்லிக் கொடுத்தது வேர்ப்பொடி. கேப்ஸ்யூலில் பெரும்பாலும் இருப்பது செறிவூட்டிய சாறு. அதில் 'வித்தனோலைடு' என்ற வேதிப்பொருள் அதிகம்; அளவும் பிராண்டுக்கு பிராண்டு மாறும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

யார் உஷாரா இருக்கணும்?
கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கல்லீரல் பிரச்னை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்கள் லேபிளில் வேரா, இலையா என்று பார்த்து வாங்குங்கள். 'நேச்சுரல்தானே' என்று மாதக்கணக்கில் விழுங்குவது பாட்டி வைத்தியம் இல்லை!