வீடு கேட்கும் பிள்ளைக்குக் கட்டடம்

"இஸ்லாத்தில் தத்தெடுத்தல் இல்லை." எங்களூரில் யதீம் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் வந்து விழும் முதல் வாக்கியம் இது. அநேகமாகக் கடைசி வாக்கியமும் இதுதான். சொன்னவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விடுவார். பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த வாக்கியத்தில் பாதிதான் உண்மை. சூரா அல்-அஹ்ஸாபின் 4ஆம், 5ஆம் வசனங்கள் தடுத்தது எதை? பிறர் பெற்ற பிள்ளையைத் தன் வம்சமாகக் காட்டுவதை. ஸைத் பின் முஹம்மத் என்று அழைக்கப்பட்டவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். பெயர் மாறியது, பாசம் மாறவில்லை. நபியவர்களே பாட்டனார் வீட்டிலும் பின்னர் பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டிலும் வளர்ந்த யதீம்தானே? குத்பாவில் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டி யதீமைப் பராமரிப்பவரின் அந்தஸ்தைச் சொல்லும் மௌலவிமார், அந்தப் பராமரிப்பு எங்கே நடக்க வேண்டுமென்பதைச் சொல்வதில்லை.

நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் வழி ஒன்று. நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு தேடி வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். நீதிமன்றம் கட்டளையிடும். அதன் பிறகு சட்டத்தின் கண்ணில் அது எடுத்தவரின் பிள்ளை. இங்கே ஒரு முஸ்லிம் தயங்குவது நியாயம், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறதே! பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையைத் 'தகுதியான ஆள்' ஒருவரிடம், அவர் உறவினரோ பிறரோ, நீதிமன்றம் ஒப்படைக்க 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இடம் வைத்தது. வாப்பாவின் பெயர் அப்படியே இருக்கும். வாரிசுப் பங்கில் குழப்பமில்லை. கொடுக்க விரும்புகிறவருக்கு ஹிபா இருக்கிறது, மூன்றிலொன்றுக்குள் வஸிய்யத் இருக்கிறது. நமது கஃபாலாவுக்கு இதைவிட நெருங்கிய ஏற்பாடு வேறென்ன? சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டமும் பெற்றாரை இழந்த பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பெற்றார் முறையைத்தான் முன்வைத்தது. எத்தனை நம்பிக்கையாளர் சபைகள் இவற்றைக் கேள்விப்பட்டிருக்கின்றன?

உத்தியோகத்தர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்பார்கள். இழுத்தடிக்கிறார்கள்தான். ஆனால் 1980களில் இந்த நாட்டுக் குழந்தைகள் வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட கதையை மறக்கக்கூடாது; 2017இல் அரசின் அமைச்சரே அதை ஒப்புக்கொண்டார். எங்கள் வாவியின் தென்கோடியிலுள்ள கல்முனையில், 2004 டிசம்பர் 26க்குப் பின் ஆஸ்பத்திரியில் '81ஆம் இலக்கக் குழந்தை' கிடந்ததும் நினைவிருக்கும். மரபணுப் பரிசோதனை முடிந்து 2005 பெப்ரவரியில்தான் அது பெற்றாரின் கைக்குப் போனது. விசாரணை வேண்டும். ஆனால் விசாரணை வேறு, "அடுத்த கிழமை வாங்க" வேறு.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. மகவேற்பு ஹராம் என்கிற அதே வாய்கள், பிள்ளையில்லாத தம்பதி ஒரு சிசுவை இரகசியமாக வாங்கித் தாங்களே பெற்றதாகப் பிறப்புப் பதிவதைக் கண்டும் காணாமல் இருக்கின்றன. அல்குர்ஆன் தடுத்த காரியம் அச்சொட்டாக இதுவல்லவா? சட்டத்துக்கும் குற்றம், மார்க்கத்துக்கும் குற்றம். இதற்கு ஃபத்வா கேட்பார் யாருமில்லை.

விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு உம்மாவோ வாப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். பாடசாலை அனுமதிப் பதிவேட்டைப் புரட்டுகிற எனக்கு இது புதினமில்லை. என்னிடம் ஐந்தாம் ஆண்டு படித்த ஒருவனின் உம்மா மௌத்து, வாப்பா மறுமணம். சாச்சி அவனைக் கேட்டு வந்தாள். பள்ளிவாசலில் "பெண்பிள்ளைகள் உள்ள வீடு, மஹ்ரம் பிரச்சினை" என்றார்கள். கந்தோரில் படிவம் இல்லையென்றார்கள். பத்து வயதுப் பையன்! பருவமடையும்போது மறைப்பும் தனி அறையும் பார்த்துக்கொள்ளலாமே. அவன் விடுதிக்குப் போனான். சாச்சி வெள்ளிக்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு அங்கே போவாள்.

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. ஒரே வளவில் அக்காள் தங்கைமார் வீடுகள், நடுவே வேலியில் ஒரு கடப்பு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் அந்தக் கடப்பால்தான் பெரியம்மா வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் போனார்கள். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். யாரும் கட்டடம் கட்டவில்லை. பிறகுதான் வெளிநாட்டுப் பணம் வந்தது, மாடி வந்தது, கொடையாளியின் பெயர் பொறித்த கல் வந்தது. சாச்சியின் வீட்டுச் சுவரில் அப்படியொரு கல் பதிக்க முடியாதுதானே!

ஒரு பிள்ளைக்கு விடுதியில் செலவாகும் மாதப் பணத்தில் பாதியை அந்தச் சாச்சியிடம் கொடுங்கள். பிள்ளையை ஏற்க விரும்பும் குடும்பங்களின் பட்டியலைப் பள்ளிவாசல் தயாரித்து நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கட்டும். அவர் விசாரிக்கட்டும், நீதவான் தீர்மானிக்கட்டும். இதற்கு சீமெந்து தேவையில்லை.

அடுத்த மாதம் எங்களூரில் இன்னொரு விடுதிக்கு அடிக்கல் நடுகிறார்கள். அழைப்பிதழ் வந்திருக்கிறது. நான் போகப்போவதில்லை.