இறந்த பறவை கிடைக்கவில்லை என்பது சான்றாகுமா?

அண்மையில் என் ஆய்வுத் திட்டத்தை அவையில் முன்வைத்தபோது எழுந்த முதல் வினா: "தெளிப்புக்குப் பின் வயலில் இறந்த பறவைகள் கிடைத்தனவா?" இல்லை என்றேன். "அப்படியானால் பாதிப்பில்லை என்றுதானே பொருள்?" அங்கே கூற நேரமில்லாமற்போன மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

1980களின் இறுதியில் பரத்பூர்ப் பகுதியில் ஆல்டிரின் நஞ்சால் சாரஸ் கொக்குகள் மடிந்தன. ஆளுயரப் பறவை வீழ்ந்து கிடந்தால் எவர் கண்ணுக்கும் தப்பாது. தூக்கணாங்குருவிக் குஞ்சோ சில கிராம் எடையே உடையது. கூட்டுக்குள் அது மடிந்தால் எறும்புகளன்றி எவரும் அறியார்.

தூக்கணாங்குருவியைத் தானியம் தின்னும் பறவை என்றே எண்ணுகிறோம். ஆனால் குஞ்சுகளுக்கு அது பெரிதும் ஊட்டுவது பூச்சிகளையும் புழுக்களையும். அது கூடு கட்டுவது பருவமழைக் காலத்தில். காரிப் நெல்லுக்கு மருந்து தெளிப்பதும் அப்போதுதான். நஞ்சேறிய புழு குஞ்சின் வாய்க்குப் போகலாம். புழுவே அற்றுப்போய்க் குஞ்சு பட்டினியில் வாடலாம். நாம் அதிகம் பேசாத வழி இன்னொன்று உண்டு. மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவையில் குரூவும் சகாக்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், டைகுரோட்டோபாஸ் ஒரே ஒரு முறை கொடுக்கப்பட்ட தாய்ப்பறவைகள் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும் தடவைகள் குறைந்தன. தாய் உயிரோடுதான் இருந்தது. வயலில் உடலைத் தேடுபவருக்கு இதில் என்ன கிடைக்கும்?

நச்சுத்தன்மைச் சோதனைகளிலும் இதே குறை. அவற்றில் பெரிதும் பயன்படுபவை பாப்வைட் காடையும் மல்லார்டு வாத்தும். இவற்றின் குஞ்சுகள் பொரித்த சிறிது நேரத்திலேயே நடந்து, தாமே இரை கொத்துபவை. கண் திறவாமல், இறகின்றி, தாயின் அலகையே நம்பிக் கிடக்கும் குஞ்சுக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்? ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுகள் சில இனங்களில் முதிர்பறவைகளைவிடக் குஞ்சுகளையே எளிதில் வீழ்த்துகின்றன என்பதும் நச்சியலார் அறிந்ததே.

உழவரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. புகையான் தாக்கிய வயலின் முன் நிற்பவரிடம் குருவியைப் பற்றிப் பேச எனக்கும் நா எழாது. என் வழக்கு, அளக்கும் நம்மோடுதான். தெளித்த வயலோரத்திலும் தெளிக்காத வயலோரத்திலும் இட்ட முட்டை, பொரித்த குஞ்சு, பறந்து வெளியேறிய குஞ்சு ஆகிய மூன்றையும் கூடுதோறும் எண்ண வேண்டும். குழாய்போன்ற வாயிலுடைய கூட்டுக்குள் நுழைய ஒரு சிறு எண்டோஸ்கோப் கேமரா போதும். பல மழைப்பருவங்கள் பிடிக்கும், ஆய்வுக்காலம் நீளும். என் திட்டத்தில் அவை திருத்தச் சொன்ன பகுதியும் அதுவே. நான் அதை நீக்கப்போவதில்லை.