ரிப்போர்ட்டில் 82%... மீதி 18% நுரையீரல் போயிடுச்சா?

குழாயில் ஊதச் சொல்லி, கையில் ஒரு ரிப்போர்ட் கொடுப்பார்கள். அதில் '82%' என்று பார்த்ததும் பலருக்கு பயம் வந்துவிடும். தேவையில்லை. ஸ்பைரோமெட்ரி சதவிகிதம் என்பது பரீட்சை மார்க் அல்ல. உங்கள் வயது, உயரம், பாலினம் கொண்ட ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு உங்களை ஒப்பிடும் எண் அது. பொதுவாக, 80 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் இயல்பு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பார்க்க வேண்டிய 3 எண்கள்

* எஃப்.வி.சி: மூச்சை முழுதாக இழுத்து, வேகமாக ஊதும்போது வெளியேறும் மொத்தக் காற்று.
* எஃப்.இ.வி.1: அதில் முதல் விநாடியில் மட்டும் வெளியேறும் காற்று.
* இரண்டுக்குமான விகிதம்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இது 0.70-க்குக் கீழே இருந்தால், சி.ஓ.பி.டி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம். 'நான் சிகரெட்டே தொட்டதில்லையே' என்று ஒதுக்கிவிட வேண்டாம். பல வருடம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர்களுக்கும் இது வரும்.

மருந்துக்கு முன்... பின்!

முதலில் ஊதச் சொல்வார்கள். பிறகு இன்ஹேலர் மருந்து கொடுத்து, சுமார் 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு எஃப்.இ.வி.1 அளவு 12 சதவிகிதமும், 200 மில்லி லிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்கான வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் கவனம் தேவை. ஆஸ்துமா உள்ளவருக்கும், தொந்தரவு இல்லாத நாளில் ரிப்போர்ட் நார்மலாக வரலாம். அதைப் பார்த்து நீங்களாகவே இன்ஹேலரை நிறுத்தினால், அடுத்த முறை மூச்சுத்திணறல் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும்.

6 நிமிட நடை எதற்கு?

சமதளத்தில், பெரும்பாலும் 30 மீட்டர் நீள வராண்டாவில், உங்கள் வேகத்தில் 6 நிமிடங்கள் நடக்க வேண்டும். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நடந்த தூரத்தையும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொள்வார்கள். உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டும் ஆக்ஸிமீட்டர், நடந்த பிறகு 88-க்கு இறங்கினால் நுரையீரலிலோ இதயத்திலோ சிக்கல் இருக்கலாம். ஓய்வில் எடுக்கும் டெஸ்ட்டில் இது தெரியாமலே போய்விடும்.

ஒரே ஒரு எண்ணை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. சரியாக ஊதாவிட்டாலும் அளவு குறையும். எனவே பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துச் சென்று, "போன தடவைக்கு இப்போ எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேளுங்கள்.