கோடை விடுமுறை: குழந்தைக்குத் தேவை பணமா, துணையா?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதப் பிற்பாதியில் எங்கள் குழந்தைகள் பிரிவின் தாழ்வாரம் வழக்கத்தைவிட நெரிசலாகிவிடுகிறது. நோயாளிகள் மட்டுமே அதற்குக் காரணம் அல்லர். பள்ளிகள் மூடப்பட்டதும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத அண்ணன்மாரும் அக்காமாரும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கே வந்துவிடுகிறார்கள். காலை முதல் மாலை வரை நீண்ட பலகையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையில் கைபேசி இருக்கிறது.

சென்ற கோடையில், சிறுநீரக நோய்க்காகச் சேர்க்கப்பட்டிருந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் தாய் எங்களிடம் சொன்னார்: “சின்னவனுக்கு வைத்தியம் பார்க்கவே கையில இருந்ததெல்லாம் போயிடுச்சுங்க டாக்டர். பெரியவளை இந்த லீவுக்கு ஓர் இடத்துக்கும் கூட்டிட்டுப் போக முடியலை. கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் கோடை வகுப்புக்குப் போகுது. கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமான்னு பார்க்கிறேன்.”

கடன் வாங்க வேண்டாம் என்று அன்று அவரிடம் சொன்னோம். ஏன் அவ்வாறு சொன்னோம் என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அந்தத் தாயின் மனத்தில் இருந்த குற்ற உணர்வு, இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் பலரின் மனத்திலும் இருக்கக்கூடும்.

குழந்தைக்கு உண்மையில் வேண்டுவது எது?

வளரும் குழந்தைக்கு விடுமுறையில் மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, உடல் அசைவு. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாவது, கைகளுக்கும் கற்பனைக்கும் வேலை. மூன்றாவது, தன்னை முழுக் கவனத்தோடு பார்க்கும் ஒரு பெரியவர். இம்மூன்றில் எதையும் கடையில் விலை கொடுத்து வாங்க முடியாது. கட்டணம் செலுத்திச் சேர்க்கும் வகுப்பு முதலிரண்டில் ஒரு பகுதியைத் தரலாம். மூன்றாவதைப் பெரும்பாலும் தருவதில்லை.

கைபேசி மலிவானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஏற்கெனவே வீட்டில் இருப்பதால் செலவில்லை என்பது கணக்கு. அதன் விலையை நாங்கள் வேறு இடங்களில் காண்கிறோம்: இரவு பதினொரு மணிக்கும் உறங்காத கண்களில், கைபேசி இன்றி ஒரு வாய் சோறு இறங்காத பிள்ளைகளில், கரும்பலகை தெரியவில்லை என்று ஜூன் மாதத்தில் கண் மருத்துவரிடம் செல்லும் மாணவர்களில். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பழக்கம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுகிறது என்பது இன்று மருத்துவம் ஏற்றுக்கொண்ட செய்தி. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் அறிவுறுத்துகிறது.

இவ்விடத்தில் எங்கள் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊசி போடும்போது அழும் குழந்தையிடம் கைபேசியைக் காட்டுங்கள் என்று நாங்களே சொல்வதுண்டு. வலி நிறைந்த ஐந்து நிமிடங்களுக்கு அது நல்ல துணைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடம் ஐந்து மணி நேரமாக நீளும்போது, ஊசியைவிடப் பெரிய சிக்கலை உங்கள் கையில் கொடுத்தனுப்பியவர்கள் ஆகிவிடுகிறோம்.

வீட்டிலேயே கிடைப்பவை

மாசியும் பங்குனியும் புளி உலுக்கும் காலம். அதனால் கோடை விடுமுறையின்போது பல வீடுகளில் புளியங்கொட்டைக்குப் பஞ்சம் இராது. பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டாலும் தரையில் சுண்ணக்கட்டியால் ஏழேழாக இரண்டு வரிசை வட்டம் போட்டால் போதும். குழிக்கு ஐந்து கொட்டை வீதம் எழுபது கொட்டையோடு ஆட்டம் தொடங்கிவிடும். எடுத்து, எண்ணி, ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும்போது, கணக்குப் பாடம் என்று தெரியாமலே குழந்தை கணக்குப் போடுகிறது. விதிகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் விதியே உங்களுக்குச் சரியான விதி.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஆடுபுலி ஆட்டம் ஏற்றது. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலிகளுக்கு மூன்று பெரிய கற்கள், ஆடுகளுக்குப் பதினைந்து சிறிய கற்கள். பலம் குறைந்த ஆடுகள் சேர்ந்து நின்றால் புலியை அசையவிடாமல் அடைத்துவிடலாம் என்பதே ஆட்டத்தின் நுட்பம். நீண்ட நாள் நோயோடு போராடும் வீடுகளில் இந்த ஆட்டத்தைக் குழந்தைகள் மிக விரைவில் புரிந்துகொள்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

சிறியவர்களுக்கு ஐந்து வெந்தய விதையை ஈரத் துணியில் மடித்துக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப்பார்க்கும். தினமும் காலையில் அதைப் பிரித்துப் பார்ப்பதே அவர்களுக்கு ஒரு திருவிழா. பழைய நாட்காட்டித் தாளில் கப்பலும் காற்றாடியும் செய்யலாம். பனை உள்ள ஊர்களில் நுங்கு தின்றபின் மிஞ்சும் கூந்தல்களை ஒரு குச்சியில் கோத்தால் வண்டி தயார்.

சமையலறையும் ஒரு பள்ளிக்கூடமே. பயறு பொறுக்கவும், பூண்டு உரிக்கவும், கொத்தமல்லி ஆயவும் ஆறு வயதுப் பிள்ளையால் முடியும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை உங்களிடம் சொல்லும் கதைகள், மற்ற நேரத்தில் கேட்டாலும் வெளிவராதவை.

வெளியே செல்ல விரும்பினால் நூலகத்தை நினைவில் கொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே பெறப்படுகிறது. எனவே நூலகம் ஒருவர் நமக்குச் செய்யும் தருமம் அன்று. நாம் ஏற்கெனவே பணம் செலுத்திய சொத்து. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 முதல் இயங்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதிகள் உள்ளன. பெரு நகரங்களுக்குச் செல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் படக்கதை புரட்டுவதும் நல்ல விடுமுறைதான்.

நோயாளி உள்ள வீட்டில்

இதுவரை சொன்னவை எல்லா வீடுகளுக்கும் பொருந்தும். நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டுக்கு மட்டும் உரியதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவர் நோயுற்றால், நலமாக இருக்கும் குழந்தை தன் ஏக்கத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘நான் அவனை அடித்ததால்தான் அவனுக்கு நோய் வந்தது’ என்று நம்பும் சிறு பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் நோயின் பெயரையும், அது யாருடைய தவறாலும் வரவில்லை என்பதையும் எளிய சொற்களில் சொல்லுங்கள். பிறகு ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள்: மருந்து வேளையை நினைவூட்டுவது, நாளொன்றுக்கு ஒரு படம் வரைந்து அனுப்புவது, பாட்டியிடம் கேட்ட கதையைத் தொலைபேசியில் தம்பிக்குச் சொல்வது. வேடிக்கை காட்டப்படும் பிள்ளையைவிட, வேண்டப்படும் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கிறது.

படுக்கையில் உள்ள குழந்தைக்கும் விளையாட்டு வேண்டும். அறுவை சிகிச்சைக்குப்பின் ஆழ்ந்து மூச்சு விடச் சொன்னால் மறுக்கும் பிள்ளை, காகிதக் காற்றாடியைச் சுழல வைக்கச் சொன்னால் பத்து முறை ஊதுகிறது. இதை எப்போது தொடங்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மருந்தோ புற்றுநோய்க்கான மருந்தோ பெறும் குழந்தைகளை மண்ணிலும் கூட்டத்திலும் விளையாட விடுவதற்கு முன்பும் கேளுங்கள். கோடையில் சின்னம்மை பரவும். அம்மை கண்ட பிள்ளையோடு இவர்கள் பழக நேர்ந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள்.

செலவில்லை, ஆனால் கவனம் உண்டு

செலவில்லாத விளையாட்டு என்றால் கண்காணிப்பும் வேண்டாத விளையாட்டு என்று பொருள் கொள்ளலாகாது. விடுமுறையில் அவசரப் பிரிவுக்கு வரும் சில குழந்தைகளை எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. அவர்களில் நீரில் மூழ்கியவர்களே எங்கள் நினைவில் நெடுநாள் நிற்கிறார்கள். கிணறு, குளம், கல்குட்டை, ஆற்று மணல் அள்ளிய பள்ளம் ஆகியவற்றுக்குப் பிள்ளைகள் தனியே செல்ல ஒருபோதும் இடம் தராதீர்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, ஓசையின்றி அமிழ்ந்துவிடும். ஆகவே கரையில் அமர்ந்திருப்பது மட்டும் காவல் ஆகாது. நீச்சல் தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில், நீர் நிறைந்த வாளியும் ஆபத்தே.

புளியங்கொட்டை, சோழி, நிலக்கடலை ஆகியவை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. மூக்கிலோ மூச்சுக்குழலிலோ சிக்கினால் விரல் விட்டுத் துழாவாமல் உடனே 108-ஐ அழையுங்கள். முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழலுக்குள் ஆடும் ஆட்டங்களே போதும். ஓட்டமும் துள்ளலும் காலைக்கும் மாலைக்கும் உரியவை. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். சிறுநீரக, இதய நோயுள்ள குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம். பட்டம் விடலாம், கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் கூடவே கூடாது.

“இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நோயாளியைக் கவனிப்பவரின் நாளில் நேரம் பணத்தைவிட அரிய பொருள் என்பதை அறிவோம். முழு நாளையும் நாங்கள் கேட்கவில்லை. அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் உங்கள் கைபேசியும் ஓய்வெடுக்கட்டும். தாத்தா, பாட்டி, அண்டை வீட்டு அத்தை என்று யார் முன்வந்தாலும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் பிள்ளை “போரடிக்குது” என்று முனகினால் பதற வேண்டாம். சலிப்பு ஒரு நோய் அன்று. அதற்கு மருந்தும் இல்லை. சற்றுப் பொறுத்தால், அட்டைப் பெட்டி ஒன்று பேருந்தாக மாறி, நாற்காலிகள் எல்லாம் பயணிகள் ஆகியிருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாய் கடன் வாங்கவில்லை. மறுநாள் அவருடைய மாமியார் ஒரு துணிப்பையில் புளியங்கொட்டை கொண்டுவந்தார். வார்டுக்கு வெளியே, தாழ்வாரத்தின் மூலையில் செவிலியர் ஒருவர் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக் கொடுத்தார். ஒன்பது வயது அக்காள் பிற பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அன்றாடம் யார் எத்தனை கொட்டை வென்றார்கள் என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி, மாலையில் தம்பியின் படுக்கைக்கு அருகில் நின்று வாசித்துக் காட்டுவாள். வீடு திரும்பும் நாளில் அந்தப் பையை எங்களிடமே விட்டுச் சென்றார்கள்.

அது இப்போதும் குழந்தைகள் பிரிவின் செவிலியர் மேசையில் இருக்கிறது. இந்தக் கோடையில் உங்கள் பிள்ளையும் தாழ்வாரப் பலகையில் அமர்ந்திருக்க நேர்ந்தால், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்தபின் எண்ணித் திருப்பிக் கொடுத்தால் போதும்.