கோலார் தங்கவயலும் ‘வளச்சாபம்’ என்னும் வசதியான விடையும்

வளம் மிகுந்த நாட்டின் ஏற்றுமதி ஏன் செழிப்பாக மாறுவதில்லை என்று கேட்டால், நம் வகுப்பறைகளில் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது: வளச்சாபம். மூலப்பொருள் ஏற்றுமதியைப் பெரிதும் சார்ந்த நாடுகள் மெதுவாக வளர்ந்தன என்று ஜெஃப்ரி சாக்ஸும் ஆண்ட்ரூ வார்னரும் 1995-இல் காட்டினர். அந்தப் புள்ளியியல் தொடர்பை நாம் இயற்கை விதியாக்கி ஓதுகிறோம். கோலார் தங்கவயலை அவ்விதிக்குள் அடைப்பதை நான் மறுக்கிறேன். குற்றம் மண்ணில் இல்லை. உடைமையிலும் விலையிலும் இருக்கிறது.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் மேலாண்மையில் இயங்கிய கம்பெனிகள் லண்டனில் பதிவானவை. பொன்னும் பங்காதாயமும் அங்கே சென்றன. மைசூர் அரசுக்கு ராயல்டி மட்டும் வந்தது. அதே அரசுதான் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, 1902-இல், பெங்களூருக்கும் முன்பாக, சுரங்கங்களுக்கு மின்சாரம் தந்தது. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள், நுரையீரலில் கல்தூசியைச் சுமந்தனர். ஏற்றுமதி மதிப்பை மட்டும் எண்ணினால் இது வெற்றிக் கதை! உள்நாட்டில் எஞ்சியது எவ்வளவு என்று எண்ணினால்?

“தாது தீர்ந்தது, நட்டம் பெருகியது, சந்தை தீர்ப்பளித்தது” என்பர். 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையானபோது வளமான தாதுவின் பெரும்பகுதி ஏற்கெனவே வெளியேறியிருந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தின் செலவு மக்களுக்கு வந்தது. பொன்னின் பன்னாட்டு அதிகாரபூர்வ விலையோ 1971 வரை அவுன்சுக்கு 35 டாலரை ஒட்டியே நின்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது விலை ஏறத்தாழ 270 டாலர். 2011-இல் அது 1,800 டாலரைக் கடந்தது. மூடாதிருந்தால் லாபம் உறுதி என்று நான் சொல்லவில்லை. விலைச்சுழற்சியின் அடிமட்டத்தில் எடுத்த முடிவை மண்ணின் விதி என்று அழைக்காதீர்கள் என்கிறேன்.

போட்ஸ்வானாவும் வைரம் விற்கும் நாடுதான். ஆயினும் டெப்ஸ்வானாவில் அரசுக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. டி பியர்ஸ் தன் வைர விற்பனையை 2013-இல் லண்டனிலிருந்து கபரோனேக்கு மாற்ற நேர்ந்தது. இன்றும் வைரச் சந்தையின் சரிவு அந்நாட்டை உலுக்குகிறது. ஆனால் பேரம் பேசும் வலிமை அதன் கையில் இருக்கிறது. கோலாருக்கு அது ஒருநாளும் வாய்க்கவில்லை.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் கோலார் தந்த பொன் சுமார் 800 டன். இன்று இந்தியா சில ஆண்டுகளில் அவ்வளவு பொன்னை ஓராண்டிலேயே இறக்குமதி செய்கிறது. தங்கவயலில் நின்றவை சயனைடு மேடுகள். அதன் பிள்ளைகள் விடியலில் ரயிலேறி வேலைக்குப் பெங்களூரு செல்கிறார்கள்.

ஆய்வு மாணவர்களே, அடுத்த முறை ‘ஏற்றுமதிச் செயல்திறன்’ என்று அட்டவணை வரையும் முன் மூன்று வினாக்களை எழுதுங்கள்: உடைமை யாருடையது? விலையை யார் வைத்தார்? பதப்படுத்தலும் ஆதாயமும் எங்கே நின்றன? இவற்றுக்கு இடமில்லாத அட்டவணை ஆய்வன்று. கம்பெனியின் கணக்குப் புத்தகம்.