அல்லங்காடியும் கள்ளங்காடியும்

மதுரைக்குத் தூங்காநகர் என்று பெயர். அப்பெயரைச் சொல்லுங்கால் மதுரையார் நெஞ்சு நிமிர்வர். நிமிர்வதில் பிழையில்லை. ஆயின், நள்ளிரவில் தம் வீட்டுத் திண்ணையில் குடித்துப் புரள்வோனை எழுப்பவும் அஞ்சிக் கதவைத் தாழிட்டுக் கிடக்கும் குடும்பத்தார்க்கு அப்பெயரே ஏளனமாகிவிட்டது. ஊர் தூங்காதிருப்பினும் தாங்கள் தூங்க வேண்டுமென்பதே அவர்கள் கேட்பது.

இத்தொல்லைக்கு மதுரையின் பழம்பெருமையைத் திரையாக இடுவோர் உளர். அவர்கள் மதுரைக்காஞ்சியை முற்றும் படித்தாரல்லர். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய அந்நூல், பகலில் நாளங்காடியையும் இரவில் அல்லங்காடியையும் காட்டுகின்றது. கொடி கட்டிக் கள் விற்ற கடைகளும் அதில் உண்டு, மறைப்பதற்கில்லை. ஆயின் நூல் அங்கேயே நின்றுவிடவில்லை. முதல் யாமம் கழிந்தபின் சங்கொலி அடங்குகின்றது, கடைகள் அடைபடுகின்றன, தின்பண்டம் விற்றோரும் விழாவில் ஆடிய கூத்தரும் கண்ணயர்கின்றனர். அதன்பின் நூலேணியொடு கள்வர் உலவும் நள்ளிருளில், களவின் நுணுக்கம் அறிந்த ஊர்க்காவலர் மழையையும் பொருட்படுத்தாது தெருத்தோறும் சுற்றுகின்றனர். வணிகன் உறங்கக் காவலன் விழித்திருந்த ஊர் அது.

இன்று குடியிருப்போர் இரு வகையாகப் பேசுகின்றனர். பத்து மணிக்கு மேல் ஒரு கடையும் திறந்திருத்தல் கூடாது என்பர் ஒரு சாரார். இரவுக்கடைதான் ஏழைக்குச் சோறு போடுகின்றது என்பர் மறு சாரார். இரு சாராரும் வெவ்வேறான இரண்டை ஒன்றாக எண்ணிக்கொண்டனர். இட்டிலிச் சட்டியோடும் பரோட்டாக் கல்லோடும் விழித்திருப்பவன் உழைப்பாளி. சுற்றுச் சிற்றூர்களில் பறித்த மல்லிகையை விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இறக்குபவனும் உழைப்பாளி. ஆலைகளில் இரவு முறைப்பணி செய்தோரும், தொலைவூர்ப் பேருந்தில் வந்து இறங்குவோரும் உண்டு பசியாறிய இடம் அத்தெருவோரக் கடையே. தூங்காநகர் என்னும் பெயர் இவர்கள் ஈட்டித் தந்தது, குடிகாரன் தந்ததன்று.

எனவே, கண்ணில் பட்டோரையெல்லாம் விரட்டுவது காவலாகாது. ஆராயாது ஒருவனைக் குற்றவாளியாக்கிய பிழைக்கு இம்மதுரை என்ன விலை கொடுத்தது என்பதைச் சிலப்பதிகாரம் சொல்லும். பத்துப்பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் கடைகள் இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கலாம் என 2019இல் அரசே ஆணையிட்டது. பெருங்கடைக்கு ஆணை துணைநிற்கத் தள்ளுவண்டிக்காரனுக்கு மட்டும் தடியடி என்றால், அது முறையாகுமா?

தொல்லையின் வேர் அல்லங்காடியில் இல்லை, கள்ளங்காடியில் உள்ளது. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுமைக்கும் பரவிய குடிவிலக்கு, 1971இல் தளர்த்தப்பட்டது. பின் மாறி மாறி இறுக்கப்பட்டும் தளர்த்தப்பட்டும் வந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே தன் கையில் எடுத்தது. அவ்வாணிகக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் இன்று தமிழ்க் குழந்தையின் வாயிலும் புழங்குகின்றது. விந்தை என்னவெனில், இவ்விற்பனைக்கான 2003ஆம் ஆண்டு விதிகள் குடிவிலக்குச் சட்டத்தின் கீழேயே இயற்றப்பட்டன!

அவ்விதிகளின்படி, மாநகரில் வழிபாட்டிடத்திற்கும் கல்விக்கூடத்திற்கும் 50 மீட்டருக்குள் கடை வைத்தல் கூடாது. நன்று. வீட்டிற்கு எத்தனை மீட்டர்? அதற்கு அவ்விதியில் அளவில்லை. கடவுளுக்கும் கல்விக்கும் தந்த காப்பு, கைக்குழந்தையோடு தனித்திருக்கும் தாய்க்கு இல்லை. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாதென 2016 இறுதியில் உச்சநயன்மன்றம் ஆணையிட்டது. அவ்வாணை 2017 ஏப்பிரலில் செயலுக்கு வந்ததும், சாலையில் மூடிய கடைகளுக்குக் குடியிருப்புகளுக்குள் இடம் தேடினர். தமிழகமெங்கும் பெண்டிர் தெருவில் இறங்கினர். திருப்பூர் மாவட்டச் சாமளாபுரத்தில் அவ்வாறு போராடியோர் மீது தடியடி நிகழ்ந்ததை நாடறியும். சாலை விபத்தைத் தடுக்க வந்த ஆணை, வீட்டு வாயிலுக்குத் தொல்லையைக் கொண்டுவந்து சேர்த்தது.

வருவாய் வேண்டுமே என்பர் ஆள்வோர். கணவன் கூலியைக் குடித்துவிட்டு வர, மனைவி அடகு வைத்த குண்டுமணிப் பொன்னும் அவ்வருவாயில் அடங்கும். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர்க்குச் சிலை எடுக்கும் அரசு, அவ்வதிகாரத்தையும் ஒருமுறை படித்தல் நன்று.

குடியிருப்போர் செய்யத் தக்கதும் ஒன்றுண்டு. நகர்ப்புறங்களில் பகுதி அவைகள் கூட 2022இல் வழி பிறந்தது. அவ்வாண்டு உள்ளாட்சி நாளாக அறிவிக்கப்பட்ட நவம்பர் முதல் நாள், 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்த நாளுமாகும். மதுரையின் நூறு வட்டங்களிலும் அந்நாளில் மக்கள் கூடுக. தம் தெருவில் எக்கடை வேண்டும், எக்கடை வேண்டா என்பதை வெளிப்படையாக முடிவு செய்து எழுத்தில் பதிக. வீட்டிற்கும் தொலைவளவு விதிக்குமாறு கேட்க. தெருவிளக்கும் இரவுச் சுற்றுக்காவலும் கேட்க. தள்ளுவண்டிக்காரனுக்கு இடமும் நேரமும் வரையறுத்துத் தருமாறும் அதே மூச்சில் கேட்க.

உழைப்போன் விழித்திருக்கட்டும், காவலன் விழித்திருக்கட்டும். ஏனையோர் அச்சமின்றிக் கண்ணுறங்கட்டும். கள்ளங்காடி மூடப்படும் நாளில்தான் மதுரையின் அல்லங்காடி மீண்டும் பெருமை பெறும்.