அட்டையில் ஏறாத அம்மா

கோவில்பட்டியை ஒட்டிய மந்தித்தோப்பில் திருநங்கைகளுக்கென ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 2020-ல் தொடங்கப்பட்டது. கடனில் மாடு வந்தது. தலைக்கு மேல் கூரை வந்தது. திருநர் உரிமைச் செயல்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் விடாமல் கேட்டதும், அப்போது தூத்துக்குடி ஆட்சியராக இருந்த சந்தீப் நந்தூரி அதைக் காதில் வாங்கிக்கொண்டதும் சேர்ந்துதான் இது நடந்தது. குடியிருப்புக்கு அந்த ஆட்சியரின் பெயரையே வைத்தார்கள்.

கோவில்பட்டியின் நிலைமை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கரிசல் மண்ணில் மழை பொய்த்தால் வேறு கதியில்லை என்பதால் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்ட ஊர் அது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. கைவேலை செய்த சிறு பட்டறைகள் தள்ளாடின. குடும்பத்தோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டிப் பிழைத்தவர்களுக்கே வேலை சுருங்கிய ஊரில், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு திருநங்கையை வேலைக்கு வைக்க யார் வருவார்கள்? கடை கடையாகக் காசு கேட்கப் போவது, அல்லது இரவில் ரோட்டில் நிற்பது என்ற இரண்டு வழிகளையே காட்டிவந்த ஊரில் மூன்றாவதாக ஒரு வழி திறந்தது. மறுவாழ்வு என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் இருந்தது.

ஆனால் வீடும் மாடும் வந்துவிட்டால் கதை முடிந்துவிடுவதில்லை. அந்த வீடுகளுக்குள் இருக்கும் குடும்பத்தை அரசின் எந்தப் பதிவேடும் இன்றுவரை குடும்பமாக எழுதிக்கொள்ளவில்லை.

பதினைந்து, பதினாறு வயதில் அடி வாங்கி வெளியேறும் பிள்ளையை எடுத்துச் சோறு போடுவது பெரும்பாலும் மூத்த திருநங்கை ஒருவர்தான். திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத்தின் முன்னிலையில் ரீத் என்னும் சடங்கு செய்து, இவள் என் மகள் என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறார்கள். அன்று முதல் அவர் அம்மா. அவருடைய அம்மா, இவளுக்கு ஆயா. கூடவே அக்கா, தங்கை, சித்தி என்று முறைகள் விரிந்துகொண்டே போகும். காய்ச்சலுக்குக் கஞ்சி வைப்பதிலிருந்து அறுவை சிகிச்சைக்குப் பின் நாற்பது நாள் பக்கத்தில் இருந்து பார்ப்பது வரை எல்லாம் இந்த உறவுதான். பெற்ற வீடு கைகழுவிய இடத்தில் முளைத்த குடும்பம் இது. நம் கண்ணெதிரே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? திருநர் உரிமைகளைப் பாதுகாக்கவென்றே 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், தன் இரண்டாம் பிரிவிலேயே குடும்பத்துக்கு விளக்கம் தருகிறது: இரத்த உறவு, திருமணம், சட்டப்படியான தத்து. இந்த மூன்றில் ஒன்றால் இணைந்தவர்களே குடும்பம். இம்மூன்றும் மறுக்கப்பட்டவர்களுக்காக எழுதிய சட்டத்தில் இப்படி ஒரு வரி!

சரி, தத்து எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, வழக்கம் வேறாக இருந்தாலொழிய, பதினைந்து வயது முடிந்தவரைத் தத்தெடுக்க முடியாது. திருநங்கைப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறும் வயதே ஏறக்குறைய அதுதான். கதவு சரியாக அந்த இடத்தில் மூடுகிறது. வழக்கம் என்ற விதிவிலக்கைச் சொல்லி வாதாடலாம். ஆனால் அதற்கு வக்கீல் வேண்டும், வருடங்கள் வேண்டும். பால் ஊற்றிப் பிழைப்பவரிடம் இரண்டும் இல்லை.

ஆகவே நடைமுறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரே கூரையின் கீழ் ஒரே உலையில் சமைப்பவர்கள் ரேஷன் கடைக்குத் தனித்தனி ஆளாகப் போகிறார்கள். அட்டையில் உறவுமுறை என்ற கட்டத்தில் இவர்களுக்கான சொல் இல்லை. ஆஸ்பத்திரியில் அவசர அறுவை சிகிச்சை என்றால், சம்மதக் கையெழுத்துக்கு ‘சொந்தக்காரங்க யாரும் இல்லையா?’ என்ற கேள்வி வருகிறது. பதினைந்து வருடம் வளர்த்தவர் அங்கேயே நிற்பார். இறந்துபோனால் இன்னும் கொடுமை. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத வீட்டார் வந்து உடலைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். அவர்கள் புடவையை உருவி வேட்டி கட்டிப் பழைய ஆண் பெயரில் சடங்கு செய்வார்கள். வளர்த்த அம்மா தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டின் கதை என்ன? அரசு கொடுத்த அந்த வீடு, உயில் எழுதாமல் அந்த அம்மா கண்ணை மூடினால் வாரிசுரிமைச் சட்டப்படி அவரைப் பெற்றவர்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ போகும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழிலும் அவர்கள் பெயர்தான் வரும். எந்த வாசலிலிருந்து துரத்தப்பட்டாரோ, அந்த வாசலுக்கே அவர் சேர்த்த சொத்து திரும்பிப் போகிறது. உடன் வாழ்ந்த மகளுக்கு மறுபடியும் தெரு.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் அரசைவிட முன்னால் நிற்கின்றன. ஒரு திருநங்கையின் சொத்துக்கு அவரைச் சீடராக ஏற்ற குருவே வாரிசு என்று வழக்கத்தை மதித்து 2016-ல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 மே மாதம் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல என்றும், தானே தேர்ந்துகொண்ட குடும்பம் என்பது சட்டத்தில் நிலைபெற்ற கருத்து என்றும் சொன்னது. அது ஒன்றாக வாழ விரும்பிய இரு பெண்கள் பற்றிய வழக்கு; ஆனால் அதன் நியாயம் மந்தித்தோப்புக்கும் பொருந்தும். 2024-ல் மத்திய அரசே தன்பாலின இணையர்களை ஒரே ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. இணையருக்கு முடிந்தது, தாய்க்கும் மகளுக்கும் ஏன் முடியாது?

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், நாற்பது வயது கடந்து ஆதரவற்று இருப்போருக்கு மாத உதவித்தொகை என்று அடுத்தடுத்துச் செய்திருக்கிறது. 2025 ஜூலையில் வெளியான மாநிலத் திருநர் கொள்கையும் சொத்துரிமையைப் பேசுகிறது. ஆனால் இதுவரை வந்த உதவிகளில் ஏறக்குறைய எல்லாமே தனி ஆளுக்கு. கொள்கையில் எழுதியது ரேஷன் கடைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஆணையாக இறங்கி வர வேண்டும்.

மத்தியச் சட்டத்தின் அந்த இரண்டாம் பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். நம் உறுப்பினர்கள் அங்கே அதைக் கேட்க வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. குடும்ப அட்டையில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு உணவுத் துறையின் ஓர் ஆணை போதும். மருத்துவமனைக்கு முன்மாதிரி ஏற்கெனவே உள்ளது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சொந்தமோ இல்லையோ, தனக்காகப் பேச ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ள வயது வந்த எவருக்கும் உரிமை தருகிறது. அதே ஏற்பாட்டை அரசு மருத்துவமனைகளின் மற்ற வார்டுகளுக்கும் சுகாதாரத் துறை நீட்டித்தால் போதும். உடலைப் பெறும் உரிமையும் அந்த ஒருவருக்கே போக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா ஜமாத்தும் தாய்வீடு அல்ல. மகளின் வருமானத்தில் பங்கு கேட்டு நெருக்குபவர்களும், கடனைச் சொல்லிப் பிடித்து வைப்பவர்களும் உண்டு. ஆகவே யார் என் குடும்பம் என்று சொல்லும் உரிமை அந்தந்த நபருக்கே இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும். ஜமாத் தலைவரின் கடிதத்தை அரசு ஆதாரமாகக் கேட்கக் கூடாது.

இன்றே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு ஒரு நாள் மந்தித்தோப்பில் முகாம் போட்டு, விரும்புகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். இனி ஒதுக்கும் வீடுகளில், ஒதுக்கீட்டு ஆணையை எழுதும்போதே எனக்குப் பின் இந்த வீடு யாருக்கு என்று பயனாளியிடம் கேட்டுப் பதிவு செய்ய ஆட்சியரே உத்தரவிடலாம். திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளுக்கான மனுவைத் திருநங்கைகள் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பதில்லை. அவர்கள் பாலை வாங்கிக் குடிக்கிற ஊர்க்காரர்களும் கையெழுத்துப் போடலாம். அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக வைக்கலாம்.